உடலுக்குள் வைக்கப்படும் உலோகம்: நோய் எதிர்ப்பு மண்டலம் அதை எப்படி எதிர்கொள்கிறது?

இன்று நம் குடும்பங்களில் உடலுக்குள் உலோகம் இல்லாத குடும்பத்தைக் காண்பது அரிது. பைக் விபத்தில் கால் முறிந்த பிள்ளைக்குத் தொடை எலும்பில் ராடு இருக்கும். முட்டி தேய்ந்து, நாற்காலியில் அமர்ந்து தொழுதுகொண்டிருந்த உம்மாவுக்குச் செயற்கை மூட்டு இருக்கும். வாப்பாவின் இதயக் குழாயில் ஸ்டென்ட் இருக்கும். பல் போன இடத்தில் டைட்டானியம் திருகு வைத்துப் பல் கட்டியவர்களும் நம்மில் ஏராளம்.

இந்த அறுவை சிகிச்சைகளுக்குப் பிறகு வலியோ வீக்கமோ நீர் கசிவோ வந்தால் வீட்டில் எல்லோரும் சொல்லும் ஒரு வார்த்தை உண்டு: "கம்பி உடம்புக்கு ஒத்துக்கலை." இந்த ஒரே வார்த்தைக்குள் குறைந்தது மூன்று வேறுவேறு சங்கதிகள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று கிருமித் தொற்று. மற்றொன்று உலோகத்தின் மீதான ஒவ்வாமை. இன்னொன்று தேய்மானத் துகள்களால் மூட்டு தளர்ந்துபோவது. மூன்றுக்கும் காரணம் வேறு, சிகிச்சை வேறு, அவசரமும் வேறு. கிருமித் தொற்றை 'ஒத்துக்கலை' என்று சொல்லி மாதக்கணக்கில் தள்ளிப்போட்டால், வைத்த மூட்டையே இழக்க நேரிடும். சில சமயம் காலையே இழக்க நேரிடும். ஆகவே, உலோகத்தைப் பார்த்ததும் நம் உடல் உண்மையில் என்ன செய்கிறது என்பதைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

வெள்ளி மூக்கும் தங்க மூக்கும்

உடலில் உலோகம் பொருத்துவது புதிய விஷயம் அன்று. அர்ஃபஜா பின் அஸ்அத் (ரலி) அவர்களுக்கு இஸ்லாத்திற்கு முந்தைய காலத்தில் நடந்த குலாப் போரில் மூக்கு துண்டிக்கப்பட்டது. அவர்கள் வெள்ளியில் ஒரு மூக்கு செய்து பொருத்திக்கொண்டார்கள். அதில் துர்நாற்றம் ஏற்படவே, தங்கத்தில் மூக்கு செய்துகொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். இச்செய்தி அபூதாவூத், திர்மிதி, நஸயீ ஆகிய நூல்களில் இடம்பெற்றுள்ளது. ஆண்களுக்குத் தங்கம் அணியத் தடை இருந்தும் தேவைக்காக இங்கே அனுமதி தரப்பட்டதை வைத்தே, ஆடும் பல்லைத் தங்கக் கம்பியால் கட்டுவது போன்றவற்றை ஃபிக்ஹு அறிஞர்கள் பேசினார்கள்.

இந்த ஹதீஸை உலோகவியல் பாடமாக ஆக்குவது நம் நோக்கமன்று. ஆனால் இன்றைய மருத்துவர்கள் கேட்கும் அதே கேள்விதான் அங்கும் எழுந்திருக்கிறது: உடலின் ஈரத்தோடும் சதையோடும் எந்த உலோகம் பிரச்சினை இல்லாமல் இருக்கும்? வெள்ளி கறுக்கும், உடல் கசிவோடு வினைபுரியும். தங்கம் அநேகமாக எதோடும் வினைபுரியாது. ஒரு உலோகம் உடலுக்குள் எவ்வளவு 'அமைதியாக' இருக்கிறது என்பதே இந்தத் துறையின் முதல் கேள்வி.

உள்ளே வைக்கப்படுபவை எவை?

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆர்பத்நாட் லேன் என்ற பிரிட்டிஷ் அறுவை மருத்துவர் முறிந்த எலும்புகளை எஃகுத் தகடும் திருகும் வைத்து இணைத்தார். அன்றைய எஃகு உடலுக்குள் துருப்பிடித்தது. நம் உடலின் திரவம் உப்பு நீர்தான். கடற்கரை வீட்டு ஜன்னல் கம்பிக்கு என்ன நேருமோ அதுவே உள்ளே இருந்த தகட்டுக்கும் நேர்ந்தது. 1930களில் அமெரிக்காவின் வெனபிள், ஸ்டக் என்ற இரு மருத்துவர்கள் விலங்குகளின் எலும்பில் வெவ்வேறு உலோகத் திருகுகளை வைத்துப் பார்த்தார்கள். இரண்டு மாறுபட்ட உலோகங்கள் அருகருகே இருந்தால் உடல் திரவத்தில் மின்கலம் போல் இயங்கி அரிப்பு ஏற்படுகிறது என்றும், கோபால்ட் குரோமியம் கலவை ஏறக்குறைய மாறாமல் இருக்கிறது என்றும் காட்டினார்கள். டைட்டானியம் தகட்டில் எஃகுத் திருகைப் போடாமல் மருத்துவர்கள் தவிர்ப்பதற்கு இதுவே காரணம்.

இன்று அதிகமாகப் பயன்படுபவை நான்கு வகை:

• மருத்துவத் தர எவர்சில்வர். 316எல் என்று பெயர். இதில் இரும்போடு 17 முதல் 19 சதவீதம் குரோமியமும் 13 முதல் 15 சதவீதம் நிக்கலும் சிறிது மாலிப்டினமும் இருக்கும். எலும்பு முறிவுக்கான தகடு, ராடு, திருகு பலவும் இதில் செய்யப்படுகின்றன.

• கோபால்ட் குரோமியம் கலவை. மிகக் கடினமானது, எளிதில் தேயாது. செயற்கை முட்டியின் மேல்பகுதியும் பல ஸ்டென்ட்களும் இதில் செய்யப்படுபவை. இதிலும் நிக்கல் உண்டு.

• டைட்டானியம். பெரும்பாலும் 6 சதவீதம் அலுமினியமும் 4 சதவீதம் வனேடியமும் கலந்தது. பல் திருகு, இடுப்பு மூட்டின் தண்டு, பேஸ்மேக்கரின் கூடு ஆகியவை இதில் வரும்.

• நிட்டினால். எடையில் பாதிக்கு மேல் நிக்கல், மீதி டைட்டானியம். வளைத்தாலும் பழைய வடிவத்துக்குத் திரும்பும் தன்மை உள்ளதால் சில வகை ஸ்டென்ட்களுக்கும், இதயத் துளையை அடைக்கும் கருவிகளுக்கும் பயன்படுகிறது.

இவற்றைக் காப்பது இவற்றின் மேல் தானாகப் படியும் மெல்லிய ஆக்சைடு படலம். எஃகிலும் கோபால்ட் கலவையிலும் அது குரோமியம் ஆக்சைடு. டைட்டானியத்தில் டைட்டானியம் ஆக்சைடு. சில நானோமீட்டர் மட்டுமே தடிமன் உள்ள இந்தப் படலம் கீறப்பட்டாலும் உடனே மறுபடி உருவாகும். உடல் தொட்டுப் பார்ப்பது இந்தப் படலத்தைத்தானே தவிர உள்ளிருக்கும் உலோகத்தை அன்று.

கிட்னி மாற்றுவதும் இதுவும் ஒன்றா?

"வேறொருவர் கிட்னியையே உடம்பு ஏற்க மறுக்கிறது, இரும்பை எப்படி ஏற்கும்?" என்று பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். விடை ஆச்சரியமானது. பிறருடைய உறுப்பின் ஒவ்வொரு செல்லின் மேலும் 'நான் இன்னார்' என்று அறிவிக்கும் புரத அடையாளங்கள் உண்டு. நம் நோய் எதிர்ப்பு மண்டலம் அந்த அடையாளத்தைப் பார்த்துத்தான் 'இது அந்நியன்' என்று தாக்குகிறது. உலோகத்தில் அத்தகைய புரத அடையாளம் எதுவும் இல்லை. ஆகவே உறுப்பு மாற்றத்தில் நடக்கும் அந்த நிராகரிப்பு இங்கே நடப்பதில்லை. முட்டி மாற்றியவர் யாரும் அதற்காக எதிர்ப்பாற்றலை அடக்கும் மாத்திரை சாப்பிடத் தேவையில்லை.

அதற்காக உடல் கண்டுகொள்ளாமல் விடுவதும் இல்லை. அது வேறொரு வழியைக் கையாள்கிறது.

முதல் நொடியிலிருந்து நடப்பவை

உலோகம் உள்ளே வைக்கப்பட்ட சில நொடிகளிலேயே இரத்தத்திலுள்ள அல்புமின், ஃபைப்ரினோஜன் போன்ற புரதங்கள் அதன்மேல் ஒட்டிக்கொள்கின்றன. அதன் பிறகு வரும் செல்கள் பார்ப்பது இந்தப் புரதப் போர்வையைத்தான்.

முதல் ஓரிரு நாட்களில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்கள் வந்து சேர்கின்றன. காயம் பட்ட இடத்துக்கு முதலில் ஓடி வரும் காவலர்கள் இவர்கள். அறுவைக்குப் பிறகு அந்த இடம் சூடாகவும் சிவந்தும் வீங்கியும் இருப்பதில் இவர்களுக்குப் பங்குண்டு. கிருமி இல்லையென்றால் சில நாட்களில் இவர்கள் விலகிவிடுகிறார்கள்.

அடுத்து வருபவை மேக்ரோஃபேஜ் எனப்படும் பெருவிழுங்கி செல்கள். கிருமியையும் செத்த திசுவையும் விழுங்கிச் செரிப்பது இவற்றின் வேலை. ஆனால் ஒரு தகட்டையோ திருகையோ எப்படி விழுங்குவது? ஒரு செல்லால் முடியாதபோது பல செல்கள் ஒன்றோடொன்று இணைந்து பல உட்கருக்கள் கொண்ட ராட்சத செல்லாக மாறுகின்றன. அப்படியும் முடியாதபோது உடல் வேறு முடிவுக்கு வருகிறது: அழிக்க முடியாததைச் சுற்றி வேலி போட்டுவிடு. நார்த் திசுவை உருவாக்கும் செல்கள் வந்து, சில வாரங்களில் உலோகத்தைச் சுற்றி ஒரு மெல்லிய உறையை அமைக்கின்றன. காலில் தைத்து வெளியே எடுக்கப்படாத முள்ளைச் சுற்றிச் சதை கெட்டியாவதைப் பார்த்திருப்பீர்கள். ஏறக்குறைய அதே வேலைதான் இது.

உறை மெல்லியதாகவும் அமைதியாகவும் இருந்தால் அந்த மனிதர் உலோகத்தோடு ஆயுள் முழுக்க வாழலாம். பெரும்பான்மையோருக்கு இதுவே நடக்கிறது.

எலும்பே ஏற்றுக்கொண்ட உலோகம்

சுவீடனின் பெர்-இங்வார் பிரோனெமார்க் 1952ல் முயலின் எலும்புக்குள் இரத்த ஓட்டத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். அதற்காக டைட்டானியத்தில் செய்த சிறு பார்வைக் கருவி ஒன்றை எலும்பில் பொருத்தினார். ஆய்வு முடிந்து எடுக்கப் பார்த்தபோது அதை எடுக்க முடியவில்லை. எலும்பு டைட்டானியத்தோடு நேரடியாக ஒட்டி வளர்ந்திருந்தது. நடுவில் நார் உறை இல்லை. 1965ல் அவர் முதல் நோயாளிக்கு டைட்டானியத் திருகுகளைத் தாடையில் பொருத்தினார். அவை அந்த மனிதர் இறக்கும் வரை 40 ஆண்டுகளுக்கு மேல் உழைத்தன. இன்றைய பல் இம்ப்ளாண்ட் முழுவதும் இந்தக் கண்டுபிடிப்பின் மேல் நிற்கிறது.

இங்கேயும் நோய் எதிர்ப்பு மண்டலம் வேடிக்கை பார்ப்பதில்லை. பெருவிழுங்கி செல்களுக்கு இரண்டு முகங்கள் உண்டு: ஒன்று போர் முகம், மற்றொன்று பழுதுபார்க்கும் முகம். டைட்டானியம் போன்ற அமைதியான பரப்பில், திருகு ஆடாமல் உறுதியாக இருந்தால், அவை பழுதுபார்க்கும் முகத்துக்கு மாறி எலும்பு செல்களை வரவழைக்கின்றன. திருகு ஆடிக்கொண்டே இருந்தால் எலும்புக்குப் பதில் நார்த் திசுதான் வளரும். 'இத்தனை வாரம் காலை ஊன்றக் கூடாது' என்று மருத்துவர் சொல்வதையும், 'பல் திருகு வைத்து மூன்று மாதம் கழித்தே பல் மாட்டுவோம்' என்று பல் மருத்துவர் சொல்வதையும் இந்த வெளிச்சத்தில் புரிந்துகொள்ளலாம்.

துகள்கள் செய்யும் கேடு

திடமான உலோகத்தோடு சமாதானமாகப் போகும் உடல், அதன் தூளோடு அப்படிப் போவதில்லை. விழுங்க முடியாத அளவுக்குப் பெரிய பொருளை வேலி போட்டு விடும் பெருவிழுங்கிகள், விழுங்கும் அளவுக்குச் சிறிய துகள்களை விழுங்கிவிடுகின்றன. ஆனால் செரிக்க முடிவதில்லை. செரிக்க முடியாத ஆத்திரத்தில் அழற்சி வேதிப்பொருள்களை வெளியிடுகின்றன. அவை எலும்பைக் கரைக்கும் செல்களைத் தூண்டிவிடுகின்றன. கிருமியே இல்லாமல் மூட்டைச் சுற்றியுள்ள எலும்பு மெல்ல மெல்லக் கரைந்து, செயற்கை மூட்டு தளர்ந்துபோகிறது.

இதன் முதல் பாடத்தைக் கற்றவர் நவீன இடுப்பு மூட்டு மாற்றத்தின் தந்தை எனப்படும் இங்கிலாந்தின் ஜான் சார்ன்லி. அவர் முதலில் மூட்டின் கிண்ணத்தை டெஃப்லானில் செய்தார். வழவழப்பாக இருந்தது, நோயாளிகளும் மகிழ்ந்தார்கள். சில ஆண்டுகளில் அது தேய்ந்து, துகள்கள் சுற்றியிருந்த திசுவைப் புண்ணாக்கின. பெரும்பாலான மூட்டுகளைத் திரும்ப எடுக்க வேண்டியதாயிற்று. பிறகு பாலிஎத்திலீன் என்ற வேறு பிளாஸ்டிக்கைத் தேர்ந்தபோது, அதையும் டெஃப்லானையும் தம் சொந்தத் தொடையிலேயே வைத்துப் பார்த்து, டெஃப்லானுக்கு உடல் கடுமையாக எதிர்வினை காட்டுவதைத் தெரிந்துகொண்டார். 1962ல் எவர்சில்வர் பந்தும் பாலிஎத்திலீன் கிண்ணமும் கொண்ட மூட்டு நடைமுறைக்கு வந்தது. பல மாற்றங்களோடு அதே அடிப்படைதான் இன்றும் தொடர்கிறது. பிற்காலத்தில் எளிதில் தேயாத பாலிஎத்திலீன் வந்ததால் துகள் பிரச்சினை வெகுவாகக் குறைந்திருக்கிறது.

கவரிங் நகையும் நிக்கல் ஒவ்வாமையும்

கவரிங் கம்மல் போட்டால் காது புண்ணாகி நீர் வடியும் பெண்கள் நம் வீடுகளில் உண்டு. மலிவான கைக்கடிகாரம் கட்டிய இடத்திலும், பெல்ட் பக்கிள் படும் வயிற்றிலும் அரிப்பு வருவோரும் உண்டு. இவற்றுக்கு வழக்கமான காரணம் நிக்கல்.

வியர்வையில் நிக்கல் கரைந்து அயனியாகத் தோலுக்குள் செல்கிறது. நம் சொந்தப் புரதங்களோடு ஒட்டிக்கொண்டு அவற்றின் தோற்றத்தை மாற்றிவிடுகிறது. டி செல்கள் அதை அந்நியனாக எடுத்து நினைவில் வைத்துக்கொள்கின்றன. அடுத்த முறை நிக்கல் பட்டால் ஒன்றிரண்டு நாட்களில் அந்த இடம் சிவந்து தடித்துவிடும். மனிதர்களின் சில பாதுகாப்புச் செல்களை நிக்கல் நேரடியாகவே தூண்டும் என்பதும் 2010ல் வெளியான ஆய்வில் தெரியவந்தது. ஐரோப்பிய நாடுகளில் பெண்களில் நூற்றுக்கு 10 முதல் 15 பேருக்கு நிக்கல் ஒவ்வாமை காணப்படுகிறது. ஆண்களில் இது மிகக் குறைவு. காது குத்துவதே இந்த வேறுபாட்டுக்கு முக்கியக் காரணம். அதனால்தான் நகைகளிலிருந்து வெளியாகும் நிக்கலுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 1994ல் சட்டம் போட்டு வரம்பு விதித்தது.

அப்படியானால் கவரிங் ஒத்துக்கொள்ளாதவருக்கு எவர்சில்வர் தகடும் ஒத்துக்கொள்ளாதா? இங்கேதான் பலர் தவறாக நினைக்கிறார்கள். உலோகத்தில் எவ்வளவு நிக்கல் இருக்கிறது என்பதைவிட எவ்வளவு நிக்கல் வெளியே கசிகிறது என்பதுதான் முக்கியம். மருத்துவத் தர உலோகத்தின் ஆக்சைடு படலம் அதைக் கட்டிப்போட்டு வைக்கிறது. தோலில் நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்களில் பெரும்பாலோர் இத்தகைய உலோகங்களோடு எந்தத் தொல்லையும் இல்லாமல் வாழ்கிறார்கள். தோல் ஒவ்வாமை இருப்பதை வைத்து மூட்டு கெட்டுவிடும் என்று சொல்லிவிட முடியாது.

ஆனாலும் சிலருக்கு உண்மையிலேயே பிரச்சினை வருகிறது. தகடு உள்ள இடத்தின் மேல்தோலில் நீங்காத அரிப்பும் தடிப்பும், மூட்டில் காரணம் தெரியாத நீர்க்கோப்பும் வலியும் அதன் அடையாளங்கள். இதை முடிவு செய்ய ஒரே பரிசோதனை போதாது. முதுகில் நிக்கல், கோபால்ட், குரோமியம் ஆகியவற்றைத் தனித்தனியாக ஒட்டி 48 மணி நேரம் வைத்துப் பார்க்கும் ஒட்டுப் பரிசோதனையைத் தோல் மருத்துவர் செய்வார். மூட்டை ஒட்ட வைக்கும் எலும்பு சிமெண்ட்டின் பொருள்களும் சிலருக்கு ஒவ்வாமை தரும் என்பதால் அவற்றையும் சேர்ப்பதுண்டு. பரிசோதனையில் ஒவ்வாமை தெரிந்தாலும், கிருமியும் இல்லை, தளர்வும் இல்லை என்று உறுதியான பிறகே 'இது ஒவ்வாமைதான்' என்று மருத்துவர்கள் முடிவுக்கு வருகிறார்கள். கடைசியாக வர வேண்டிய இந்த முடிவுக்கு நம் வீடுகளில் முதல் நாளே வந்துவிடுகிறோம்.

உலோகத்தோடு உலோகம் உரசியபோது

பிளாஸ்டிக் தேய்கிறதே என்று, பந்தும் கிண்ணமும் இரண்டையும் கோபால்ட் குரோமியத்தில் செய்த இடுப்பு மூட்டுகள் 2000களில் பரவலாகின. தேய்மானத்தின் அளவு குறைந்தது உண்மை. ஆனால் விழுந்த துகள்கள் நானோமீட்டர் அளவுக்கு நுண்ணியவை. எண்ணிக்கையில் மிக அதிகம். அவற்றை விழுங்கிய செல்கள் மடிந்தன. டி செல்கள் கூட்டமாகத் திரண்டன. சிலருக்கு மூட்டைச் சுற்றிப் புற்றுநோய் அல்லாத கட்டிகள் உருவாகித் தசையையே அழித்தன. இரத்தத்தில் கோபால்ட் மிக அதிகமான சிலருக்கு இதயம், செவி, பார்வை, தைராய்டு வரை பாதிப்பு சென்றது.

ஜான்சன் அண்ட் ஜான்சன் குழுமத்தின் டிபியூ நிறுவனம் தன் ஏஎஸ்ஆர் வகை மூட்டுகளை 2010 ஆகஸ்டில் உலகம் முழுவதிலுமிருந்து திரும்பப் பெற்றது. அதற்குள் சுமார் 93,000 பேருக்கு அவை பொருத்தப்பட்டிருந்தன. இந்தியாவில் மட்டும் சுமார் 4,700. மத்திய சுகாதார அமைச்சகம் அமைத்த நிபுணர் குழு, பாதிக்கப்பட்டவர்களுக்குக் குறைந்தது 20 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. ஆனால் நம் நாட்டில் பொருத்திக்கொண்டவர்களில் பெரும் பகுதியினரைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. தம் உடலில் இருப்பது எந்த நிறுவனத்தின் எந்த மாதிரி என்பது பலருக்கும் தெரியாது. பெட்டியின் மேல் இருந்த ஒரு சிறிய ஸ்டிக்கரைப் பத்திரமாக வைத்திருந்தால், வலியோடு இருந்த பலருக்கு அந்த வலியின் காரணமும் இழப்பீடும் கிடைத்திருக்கும்.

இதைப் படித்துவிட்டு முட்டி மாற்றிய உம்மாவை நினைத்துப் பதற வேண்டாம். முட்டி மாற்றத்தில் வழக்கமாக உலோகத்துக்கும் உலோகத்துக்கும் நடுவே பாலிஎத்திலீன் இருக்கிறது. மேற்சொன்ன பிரச்சினை உலோகத்தோடு உலோகம் உரசும் இடுப்பு மூட்டுகளுக்கு உரியது.

உண்மையான எதிரி: கிருமி

நாம் அதிகம் அஞ்ச வேண்டியது இதற்குத்தான். 1957ல் எலெக், கோனன் என்ற இரு ஆய்வாளர்கள் தன்னார்வலர்களின் தோலில் ஒரு சோதனை செய்தார்கள். சீழ் பிடிக்கச் சாதாரணமாகப் பல லட்சம் ஸ்டெஃபிலோகாக்கஸ் கிருமிகள் தேவைப்பட்டன. அதே இடத்தில் ஒரு தையல் நூல் இருந்தால் அதில் பத்தாயிரத்தில் ஒரு பங்கே போதுமானதாக இருந்தது. ஒரு நூலுக்கே இப்படியென்றால் ஒரு முழு மூட்டுக்கு?

காரணம் இதுதான். உலோகத்துக்கு இரத்த ஓட்டம் இல்லை. அதன் பரப்பை விழுங்க முயன்று தோற்ற வெள்ளை அணுக்கள் களைத்துப்போகின்றன. அந்த நேரத்தில் வந்து ஒட்டும் கிருமிகள் தம்மைச் சுற்றி வழவழப்பான ஒரு படலத்தை உருவாக்கிக்கொள்கின்றன. குளத்துப் படிக்கட்டில் படியும் பாசியைப் போன்றது அது. அந்தப் படலத்துக்குள் நம் செல்களும் எளிதில் நுழைய முடியாது, ஆண்டிபயாடிக்கும் சரிவர வேலை செய்யாது. உலோகத்தின் பரப்பை முதலில் பிடிப்பது உடலின் செல்களா, கிருமிகளா என்ற இந்தப் போட்டியை அமெரிக்க மருத்துவர் அந்தோணி கிரிஸ்டினா 1987ல் 'பரப்புக்கான பந்தயம்' என்று வருணித்தார். நம் செல்கள் முந்திவிட்டால் நல்லது. கிருமி முந்திவிட்டால் சண்டை கடினம்.

முதல்முறை மூட்டு மாற்றியவர்களில் நூற்றுக்கு ஒருவர் அல்லது இருவருக்கே தொற்று வருகிறது. ஆனால் கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை நோய் இந்த ஆபத்தைக் கூட்டும், ஏனெனில் அதிகச் சர்க்கரை நியூட்ரோஃபில்களை மந்தமாக்கிவிடுகிறது. புகைப்பழக்கமும் காயம் ஆறுவதையும் எலும்பு கூடுவதையும் தாமதப்படுத்தும்.

தொற்று வந்த முதல் சில வாரங்களுக்குள் போனால் உள்ளே கழுவிச் சுத்தம் செய்து மூட்டைக் காப்பாற்றப் பெரும்பாலும் வாய்ப்புண்டு. படலம் முற்றிவிட்டால் மூட்டை எடுத்து, தொற்றைத் தீர்த்து, மறுபடி வேறு வைக்க வேண்டியிருக்கும். 'ஒத்துக்கலை' என்று சொல்லிக்கொண்டு நாட்டு மருந்து கட்டுவதிலும், மருந்துக்கடையில் தாமாக ஆண்டிபயாடிக் வாங்கிச் சாப்பிடுவதிலும் கழியும் வாரங்கள்தான் இந்த வாய்ப்பை விழுங்குகின்றன. மேலும், ஆண்டிபயாடிக் சாப்பிட்டுவிட்டுப் போனால் மூட்டு நீரை எடுத்துப் பரிசோதிக்கும்போது கிருமி தெரியாமல் மறைந்துவிடும்.

எப்படிப் பிரித்தறிவது?

வீட்டிலேயே முடிவு கட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. மருத்துவரிடம் எவ்வளவு விரைவாகப் போக வேண்டும் என்பதைத் தெரிந்துகொள்வதற்காகச் சொல்கிறோம்.

• தையல் போட்ட இடத்தில் நீர் அல்லது சீழ் கசிவு, கூடிக்கொண்டே போகும் சிவப்பும் சூடும், காய்ச்சல், படுத்திருக்கும்போதும் விடாத வலி: கிருமித் தொற்றாக இருக்கலாம். அன்றே போக வேண்டும்.

• ஆண்டுகள் பல நன்றாக இருந்துவிட்டு, எழுந்து முதல் சில எட்டு வைக்கும்போது வலி, நடந்தால் மூட்டு நிலையில்லாத உணர்வு: தளர்வாக இருக்கலாம். எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். மெல்ல வளரும் தொற்றும் இப்படியே தோன்றும் என்பதால் இரத்தப் பரிசோதனையும் தேவை.

• தொடர்ந்து தோல் அரிப்பு, தடிப்பு: ஒவ்வாமையாக இருக்கலாம். தொற்று இல்லை என்று உறுதியான பின் தோல் மருத்துவரைப் பார்க்கலாம்.

குடும்பத்தார் செய்ய வேண்டியவை

அறுவைக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லுங்கள்: கவரிங் நகை ஒத்துக்கொள்ளாது என்றால், முன்பு வைத்த தகட்டில் தொல்லை வந்தது என்றால், எந்த மருந்துக்காவது ஒவ்வாமை உண்டு என்றால். நிக்கல் ஒவ்வாமை கடுமையாக உள்ளவர்களுக்கு டைட்டானியம் அல்லது ஆக்சைடு படிந்த ஜிர்கோனியம் போன்ற மாற்று உண்டு. விலையைப் பற்றியும் தயங்காமல் கேளுங்கள். 2017 ஆகஸ்டில் மத்திய அரசு முட்டி மூட்டுகளுக்கு உச்ச விலை நிர்ணயித்தபோது கோபால்ட் குரோமியம் மூட்டுக்கு வரி நீங்கலாக 54,720 ரூபாய் என்றும், டைட்டானியம், ஆக்சைடு ஜிர்கோனியம் வகைக்கு 76,600 ரூபாய் என்றும் அறிவித்தது. விலை கூடியது எல்லோருக்கும் நல்லது என்று பொருளில்லை. ஒவ்வாமை இல்லாதவருக்குச் சாதாரண மூட்டே போதுமானது.

சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டு வந்த பிறகே அவசரமில்லாத அறுவைக்குத் தேதி வாங்குங்கள். சொத்தைப் பல், கால் ஆணிப் புண், சிறுநீர்த் தொற்று இருந்தால் முதலில் அதைக் குணப்படுத்துங்கள். அங்கிருந்து இரத்தம் வழியாகக் கிருமி மூட்டுக்குப் போகும். மூட்டு வைத்துப் பல ஆண்டுகள் கழிந்த பிறகும் இப்படி நடக்கலாம் என்பதால், காலில் புண் வந்தால் அலட்சியம் கூடாது.

பொருத்தப்பட்ட பொருளின் நிறுவனம், மாதிரி, வரிசை எண் உள்ள ஸ்டிக்கரைக் கேட்டு வாங்கி, பாஸ்போர்ட் வைக்கும் இடத்தில் வையுங்கள். மொபைலிலும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எம்ஆர்ஐ எடுக்கும்போதும் அது கேட்கப்படும். மருத்துவக் கருவிகளால் வரும் பாதிப்புகளைப் பதிவு செய்ய 2015 முதல் இந்தியாவில் ஒரு தேசியக் கண்காணிப்புத் திட்டம் இயங்குகிறது. பிரச்சினை வந்தால் மருத்துவமனை மூலம் அங்கே பதியச் சொல்லலாம்.

எலும்பு கூடிய பிறகு தகட்டை எடுத்தே ஆக வேண்டுமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். தொல்லை எதுவும் தராத தகட்டைப் பெரியவர்களுக்குப் பெரும்பாலும் அப்படியே விட்டுவிடலாம். வளரும் பிள்ளைகளுக்கு எடுப்பது வழக்கம். முடிவு செய்ய வேண்டியவர் அறுவை மருத்துவர்.

அர்ஃபஜா (ரலி) அவர்கள் வெள்ளி மூக்கின் நாற்றத்தைச் சகித்துக்கொண்டு வீட்டுக்குள் முடங்கியிருக்கவில்லை. தொல்லை வெளியே சொல்லப்பட்டது, தீர்வும் கிடைத்தது. நம் வீட்டுப் பெரியவர்கள், குறிப்பாகப் பெண்கள், பிள்ளைகளுக்குச் சிரமம் தரக் கூடாது என்று வலியை மறைத்துக்கொள்வார்கள். இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் உம்மாவிடம், வாப்பாவிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்: "ஆபரேஷன் செய்த இடம் எப்படி இருக்கு? வலி இருக்கா, கசிவு இருக்கா?" அவர்கள் தயங்கினால், நீங்களே பார்த்துவிடுங்கள்.